பசங்களை எந்த கோர்ஸ்ல சேர்க்கலாம், சாக்ரடீஸ் சார்?

உங்க வீட்லயும் இது நடந்திருக்கும். பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்னிக்கு சாயங்காலம் பெரியப்பா வருவார். 'கண்ணை மூடிட்டு கம்ப்யூட்டர் சயின்ஸ்ல போடு' என்பார். பின்னாடியே மாமா வருவார். 'அதெல்லாம் வேஸ்ட் மச்சான், ஊர்ல எல்லாரும் அதைத்தான் படிக்கிறாங்க. பி.காம். சேர்த்து சி.ஏ. பண்ணச் சொல்லு' என்பார். அப்பா ரெண்டு பேர் முகத்தையும் மாத்தி மாத்திப் பார்ப்பார். அந்த நேரம் பார்த்து மூணாவதா ஒருத்தர் வீட்டுக்குள்ள நுழைஞ்சா, 'வாங்க வாங்க, நீங்க சொல்லுங்க... எது?' என்று மெஜாரிட்டிக்கு விட்டுடுவாங்க. கையில ஸ்வீட் டப்பாவோட ஓரமா நிக்கிற உங்களை மட்டும் யாரும் கேட்க மாட்டாங்க!

இதே காட்சி ஏதென்ஸ் நகரத்துல நடந்ததா பிளேட்டோ எழுதி வெச்சிருக்கார். புத்தகத்தின் பெயர் 'லாக்கீஸ்'. கதை நடக்குற காலம், கி.மு. 424-க்கும் 418-க்கும் நடுவுல ஏதோ ஒரு வருஷம். தத்துவம்னாலே தாடி, தலைவலி, லைப்ரரியில தூசி படிஞ்ச கடைசி ஷெல்ஃப் என்று நினைக்கிறவங்க முதல்ல இந்தச் சின்னப் புத்தகத்தைப் பார்க்கணும். ஒரு பகல் பஸ் பயணத்துல முடிச்சிடலாம்.

லைசிமாக்கஸ், மெலிசியாஸ் என்று ரெண்டு அப்பாக்கள். ரெண்டு பேருக்கும் வயசுப் பசங்க. முழுக் கவசம் மாட்டிக்கிட்டு ஆயுதச் சண்டை போடக் கத்துக்கொடுக்கிறேன் என்று ஒரு மாஸ்டர் ஊருக்குள்ள வந்து வித்தை காட்டுறார். நம்ம கோச்சிங் சென்டர் டெமோ கிளாஸ் மாதிரிதான். 'இதுல பசங்களைச் சேர்க்கலாமா?' என்று தெரியாம, விஷயம் தெரிஞ்ச ரெண்டு தளபதிகளைக் கூட்டிட்டு வந்து டெமோவைக் காட்டுறாங்க. ஒருத்தர் நிசியாஸ், இன்னொருத்தர் லாக்கீஸ்.

அப்பாக்கள் பேசுற முதல் பேச்சே மனசைத் தொடும். 'எங்க அப்பாக்கள் ஊருக்கே தெரிஞ்ச பெரிய மனுஷங்க. பசங்களோட உட்கார்ந்து சாப்பிடறப்போ தாத்தா பண்ணின சாதனைகளை நிறையச் சொல்றோம். எங்க சாதனைன்னு சொல்லிக்க ஒண்ணும் இல்லை. பசங்க முன்னாடி வெட்கமா இருக்கு. ஊர் வேலையைப் பார்த்த எங்க அப்பாக்கள் எங்களைக் கண்டுக்கலை. நாங்க அந்தத் தப்பைப் பண்ணக்கூடாதுன்னு பார்க்கிறோம்' என்கிற அர்த்தத்துல புலம்புறார் லைசிமாக்கஸ். சும்மா சொல்லலை. அவரோட அப்பா, நேர்மைக்குப் பேர்போன அரிஸ்டைடிஸ்!

நிசியாஸ், 'தாராளமா சேருங்க. உடம்புக்கும் நல்லது, போர்லயும் உதவும்' என்றார். லாக்கீஸ், 'வேஸ்ட்' என்றார். காரணமும் சொன்னார். 'இது உண்மையிலேயே உருப்படியான வித்தைன்னா ஸ்பார்ட்டாக்காரன் விட்டு வெச்சிருப்பானா? இந்த மாஸ்டர்கள் அந்த ஊர்ப் பக்கமே போறதில்லை. அது மட்டுமில்ல... இதே மாஸ்டரை நான் நிஜச் சண்டையில பார்த்திருக்கேன்' என்று ஒரு கதையை எடுத்து விட்டார். மாஸ்டர் ஈட்டி முனையில அரிவாளைச் சேர்த்து ஒரு புது ஆயுதம் பண்ணி கப்பல்ல கொண்டு போயிருக்கார். அது எதிரிக் கப்பலோட கயிறுகள்ல சிக்கிக்கிச்சு. கப்பல் நகர நகர, இவர் ஈட்டியைப் பிடிச்சுக்கிட்டே தளத்துல ஓட... ரெண்டு கப்பல்காரங்களும் விழுந்து விழுந்து சிரிச்சாங்களாம். கோர்ஸ் நடத்துறவரோட சொந்த ப்ளேஸ்மென்ட் ரெக்கார்டே சரியில்ல!

ஒண்ணுக்கு ஒண்ணு டை. லைசிமாக்கஸ் மூணாவது ஆளைப் பார்த்தார். நாற்பது சொச்ச வயசு, பேர் சாக்ரடீஸ். 'உங்க ஓட்டு யாருக்கு? எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் முடிவு பண்ணிடறோம்.'

சாக்ரடீஸ் ஓட்டுப் போடலை. இது தலை எண்ணி முடிவு பண்ற விஷயமா, தெரிஞ்சவங்களைக் கேட்டு முடிவு பண்ற விஷயமா என்று கேட்டார். தெரிஞ்சவங்களைத்தான். சரி, எதைப் பத்தித் தெரிஞ்சவங்க? கண்ணுக்கு மருந்து போடலாமான்னு ஒருத்தர் யோசிச்சா, அவர் யோசிக்கிறது மருந்தைப் பத்தியா, கண்ணைப் பத்தியா? கண்ணைப் பத்தித்தான். அப்போ நாம பேச வேண்டியதும் ஈட்டியைப் பத்தி இல்லை, பசங்களைப் பத்தி. அவங்க எப்படிப்பட்ட ஆளா வரணும்? வீரம் உள்ளவங்களா. சரி... வீரம்னா என்ன?

எல்லாரும் வாயை மூடினாங்க. அங்க தொடங்குது ஆட்டம்.

இந்த மாதிரி கேட்கிற பழக்கம் சாக்ரடீஸுக்கு வானத்துல இருந்து விழலை. ஏதென்ஸ் கதையை இங்கேயே நிறுத்திட்டு, ஒரு நூத்தம்பது வருஷம் பின்னாடி, கடல் தாண்டி இன்னொரு ஊருக்குப் போயிட்டு வந்துடலாம்.

வாத்தியார் சொன்னது தப்பு!

மைலீட்டஸ். இப்போதைய துருக்கியின் மேற்குக் கரையில இருந்த கிரேக்கத் துறைமுகம். அங்கே இருந்தவர் தேல்ஸ். கி.மு. 585 மே 28-ல ஒரு சூரிய கிரகணம். லிடியாக்காரங்களும் மீடியர்களும் சண்டை போட்டுக்கிட்டிருக்கும்போது பட்டப்பகல் இருட்டாயிடுச்சு, பயந்து போய் சமாதானம் பண்ணிக்கிட்டாங்க, அந்த வருஷம் கிரகணம் வரும்னு தேல்ஸ் முன்னாடியே சொல்லியிருந்தார் என்று எழுதியிருக்கார் ஹெரோடோட்டஸ். அந்தக் காலத்துல அப்படிக் கணிச்சிருக்க முடியுமான்னு இன்னிக்கு ஆராய்ச்சியாளர்களுக்குச் சந்தேகம்தான். அது போகட்டும். நமக்கு முக்கியம் அவர் கேட்ட கேள்வி. இந்த உலகம் அடிப்படையில எதால ஆனது? தண்ணீர் என்றார். பூமி எப்படி விழாம இருக்கு? தண்ணி மேல மிதக்குது என்றார்.

தப்பு பதில்தான். ஆனா அதுல எந்தச் சாமிக்கும் கோபம் வரலை, எந்தச் சாமியும் பூமியைத் தலையில சுமக்கலை. அதனாலதான் அடுத்தவன் தைரியமா, 'அப்போ அந்தத் தண்ணியை எது தாங்குது?' என்று கேட்க முடிஞ்சது. (பின்னாள்ல அரிஸ்டாட்டில் இதையே கேட்டார்.) தேல்ஸோட மாணவர் என்று சொல்லப்படுகிற அனாக்சிமாண்டர், பூமியை எதுவுமே தாங்கலைன்னு ஒரே போடா போட்டார். எல்லாப் பக்கமும் ஒரே தூரத்துல இருக்கிற ஒரு பொருள் இந்தப் பக்கம் நகர என்ன காரணம், அந்தப் பக்கம் நகர என்ன காரணம்? காரணம் இல்லை, அதனால நகரலை. டெலஸ்கோப் கிடையாது, சாட்டிலைட் கிடையாது. வெறும் காரணத்தை மட்டும் கையில வெச்சுக்கிட்டு பூமியை அந்தரத்துல தொங்கவிட்ட துணிச்சலை நினைச்சுப் பாருங்க!

அவருக்கு அடுத்து வந்தவர் அனாக்சிமினிஸ். உலகத்துக்கு மூலம் காற்று என்றார். காற்று நெருங்கினா குளிர்ந்து தண்ணி, மண், கல்லுன்னு ஆகும். தளர்ந்தா சூடாகி நெருப்பு ஆகும். ஆதாரம்? இப்பவே நீங்க பண்ணிப் பார்க்கலாம். பக்கத்துல யாராவது இருந்தா கண்டுக்காதீங்க. உள்ளங்கையை வாய்க்கு நேரா வெச்சு, உதட்டைக் குவிச்சு ஊதுங்க. ஜில்லுன்னு இருக்கா? இப்போ வாயை நல்லாத் திறந்து 'ஹா'ன்னு விடுங்க. சூடு! நெருக்கினா குளிர், தளர்த்தினா சூடு. அவர் தந்த விளக்கம் தப்பு. குவிச்சு ஊதும்போது வேகமா போற மூச்சு சுத்தியிருக்கிற காற்றையும் இழுத்துக்கிட்டுப் போறதாலதான் ஜில்லுன்னு இருக்குன்னு இன்னிக்கு நமக்குத் தெரியும். ஆனா அவர் சொன்ன காரணம் நம்ம கையில வெச்சு சோதிக்கிற மாதிரி இருக்கு பாருங்க... தப்புன்னு காட்ட முடிகிற மாதிரி பேசினார்.

ஒரு விஷயத்தையும் ஒளிக்காம சொல்லிடறேன். இந்த அனாக்சிமினிஸ், தட்டையான பூமி காற்று மேல மிதக்குதுன்னு சொல்லி, தனக்கு முந்தினவர் தொட்ட உயரத்துல இருந்து ஒரு படி இறங்கிட்டார். அடுத்த பேட்ச் எப்பவும் முந்தின பேட்சை விட புத்திசாலின்னு கேரன்ட்டி கிடையாது. ஆனா மூணு தலைமுறை, மூணு பதில். வாத்தியார் சொன்னதை மனப்பாடம் பண்ணி அப்படியே காப்பாத்தறது கிடையாது, மறுத்துப் பேசுறதே மரியாதை. 20-ம் நூற்றாண்டு தத்துவ அறிஞர் கார்ல் பாப்பர் மைலீட்டஸ்காரங்களைக் கொண்டாடினது இதுக்காகத்தான். நம்ம கிளாஸ்ல 'சார், போன வாரம் நீங்க சொன்னது தப்பு' என்று எழுந்து நின்னா இன்டர்னல் மார்க் என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்.

'ஃபிலாசஃபி' என்கிற வார்த்தைக்கு கிரேக்கத்துல அறிவின் மேல் காதல் என்று அர்த்தம். காதல்னு சொன்னதும் நிமிர்ந்து உட்காராதீங்க, நாம தளபதிகள்கிட்ட திரும்பிப் போறோம்.

தெரியும் சார், சொல்ல வரலை!

வீரம்னா என்ன? லாக்கீஸ் நேரடியான ராணுவ ஆள். 'இது ஒரு கேள்வியா? தன் வரிசையில நின்னு, ஓடாம எதிரியோட சண்டை போடறவன் வீரன்.'

சாக்ரடீஸ் சண்டைக்குப் போகலை. சில உதாரணங்களைக் காட்டினார். சிதியர்கள் குதிரையில ஓடிக்கிட்டே சண்டை போடுவாங்களே? கி.மு. 479-ல பிளாட்டியா போர்ல ஸ்பார்ட்டாக்காரங்க முதல்ல பின்வாங்கினாங்க. பாரசீகப் படை வரிசை கலைஞ்சதும் திரும்பி நின்னு அடிச்சு ஜெயிச்சாங்களே... அவங்க கோழையா?

இந்த இடத்துல பிளேட்டோ ஒரு குறும்பு பண்ணியிருக்கார். கவனிக்காம விட்டுடக் கூடாது. இதுக்குக் கொஞ்ச நேரம் முன்னாடிதான் லாக்கீஸ் சாக்ரடீஸைப் புகழ்ந்தார். 'டீலியத்துல நாங்க பின்வாங்கி வந்தப்போ இவர் என் கூட வந்தார். மத்தவங்களும் இவரை மாதிரி இருந்திருந்தா நமக்கு அந்தத் தோல்வியே வந்திருக்காது' என்கிற மாதிரி. கி.மு. 424-ல நடந்த அந்தப் போர்ல சாக்ரடீஸ் வீரத்தைக் காட்டினது பின்வாங்கும்போது! லாக்கீஸ் கண்ணால பார்த்த வீரத்துக்கும், வாயால சொன்ன விளக்கத்துக்கும் ஒட்டவே இல்லை. எதிர் உதாரணம் எங்கேயோ இல்லை, எதிர்ல உட்கார்ந்திருக்கு.

லாக்கீஸ் ரெண்டாவது முயற்சி பண்ணினார். 'வீரம்னா மன உறுதி.' கொஞ்சம் பரவாயில்லை. போர் மட்டுமில்லாம நோய், வறுமை எல்லாத்துலயும் காட்டுற வீரம் இதுல அடங்கும். 'எல்லா மன உறுதியுமா? முட்டாள்தனமான உறுதி?' இல்லை, அறிவோட கூடின உறுதி. 'சரி... லாபம் நிச்சயம்னு தெரிஞ்சு விடாம பணத்தைப் போட்டுக்கிட்டே இருக்கிறவன் வீரனா?' இல்லை. 'நம்ம ஆளு அதிகம், உதவிக்குப் படை வரும்னு கணக்குப் போட்டு நிக்கிறவன் வீரனா, எதிர்ப்பக்கம் அதெல்லாம் இல்லாம நிக்கிறவன் வீரனா?' எதிர்ப்பக்கத்துக்காரன்தான். 'கிணத்துல முங்கற வித்தை தெரிஞ்சு குதிக்கிறவனா, தெரியாமலே குதிக்கிறவனா?' தெரியாம குதிக்கிறவன். 'அப்போ, கணக்கில்லாம நிக்கிற முட்டாள்தனமான உறுதிதான் பெரிய வீரம்னு ஆகுதே... இப்பத்தானே அது இல்லைன்னு சொன்னீங்க?'

லாக்கீஸுக்கு எரிச்சல். 'வீரம்னா என்னன்னு எனக்குத் தெரியும்னுதான் தோணுது. ஆனா வார்த்தையில பிடிக்கப் பார்த்தா நழுவிப் போகுது' என்கிறார். வைவாவுல எக்ஸ்டர்னல் முன்னாடி நாம எல்லாரும் சொன்ன அதே டயலாக்!

சாக்ரடீஸோட முறை இவ்வளவுதான். இதுக்கு கிரேக்கத்துல 'எலெங்கஸ்' என்று பேர். மத்தவங்களை மட்டம் தட்டுற வேலை மாதிரி தெரியும். உன்னிப்பா பாருங்க. சாக்ரடீஸ் தன் கருத்து எதையும் லாக்கீஸ் தலையில கட்டலை. லாக்கீஸே ஒத்துக்கிட்ட ரெண்டு விஷயங்களைப் பக்கத்துல பக்கத்துல வெச்சு, 'இது ரெண்டும் ஒண்ணா நிக்குதா பாருங்க' என்றார். நிக்கலைன்னா ஏதோ ஒண்ணை விட்டாகணும். எதை விடறதுன்னு அவரே முடிவு பண்ணிக்கலாம். டி.வி. பட்டிமன்றத்துல நடக்கிறது இது இல்லை. அங்கே அணி முதல்லயே முடிவாயிடுது, தீர்ப்பும் கைதட்டலும் அப்புறம். இங்கே பேசப் பேச, உட்கார்ந்திருக்கிறவர் தன் அணியை மாத்திக்கிறார்.

நம்ம ஊர்ல இப்படி யாரும் கேட்கலையா என்று நீங்க கேட்பீங்க. கேட்டிருக்காங்க. அதுவும் ஒரு பொண்ணு. மணிமேகலை காப்பியத்துல, வஞ்சி நகரத்துக்குப் போய் ஒவ்வொரு சமயத்துக்காரங்ககிட்டயும் 'உங்க கொள்கை என்ன?' என்று வரிசையா விசாரிக்கிறாள் மணிமேகலை. இளம்பெண் என்று பார்த்தா யாரும் ஒழுங்கா பதில் சொல்ல மாட்டாங்கன்னு தெய்வமே முன்கூட்டி எச்சரித்ததால, தவசி வேஷத்துல போறாள்! (கேர்ள்ஸ், இதை அடிக்கோடு போட்டுக்குங்க.) அங்கே பூதவாதி ஒருத்தர், கண்ணால காணுற காட்சி ஒண்ணுதான் அறிவுக்கு ஆதாரம், ஊகிச்சு அறியறதை எல்லாம் ஏத்துக்க முடியாது என்கிறார். மணிமேகலை சிரிச்சுக்கிட்டே ஒரே ஒரு கேள்வி கேட்கிறாள். உன் அம்மா அப்பா இவங்கதான்னு நீ எப்படித் தெரிஞ்சுக்கிட்ட? பிறக்கும்போது பார்த்தியா? ஊகம் இல்லாம வேற எந்த வழியில? ஆள் க்ளோஸ்! எதிர்ல நிக்கிறவர் வாழ்க்கையிலயே எதிர் உதாரணத்தைக் கண்டுபிடிக்கிற அதே வித்தை.

இந்த டெக்னிக் பழசாகவும் இல்லை. 'நியாயமான காரணத்தோட நம்புற உண்மைதான் அறிவு' என்று ஒரு விளக்கம் தத்துவ உலகத்துல நல்ல பேரோட இருந்தது. 1963-ல எட்மண்ட் கெட்டியர் மூணே பக்கக் கட்டுரையில ரெண்டு எதிர் உதாரணம் சொல்லி அதை ஆட்டம் காண வெச்சார். அதுக்கும் முன்னாடி பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் காட்டின நின்னுபோன கடிகாரம் இன்னும் சுலபம். உங்க டிபார்ட்மென்ட் வராண்டாவுல ஒரு கடிகாரம் மாட்டியிருக்கு. அது நேத்தே பத்து இருபதுக்கு நின்னு போச்சு, உங்களுக்குத் தெரியாது. இன்னிக்கு நீங்க அண்ணாந்து பார்க்கிற நேரம், சரியா பத்து இருபது. நீங்க நம்பினது உண்மை. கடிகாரத்தைப் பார்த்து நம்பினது நியாயம். ஆனா மணி உங்களுக்குத் 'தெரிஞ்சுது'ன்னு சொல்லலாமா? ராத்திரி ஹாஸ்டல்ல ரூம்மேட்கிட்ட இதைக் கேட்டுப் பாருங்க. தூக்கம் போச்சுன்னா நான் பொறுப்பில்லை.

நிசியாஸும் நிலாவும்

சரி, ஏதென்ஸ்ல இன்னும் ஒரு தளபதி பாக்கி. நிசியாஸ் படிச்ச மனுஷன். 'வீரம்னா அறிவு. எதுக்குப் பயப்படணும், எதுக்குப் பயப்பட வேண்டாம்னு தெரிஞ்ச அறிவு' என்றார். கேட்க அழகா இருக்கு. லாக்கீஸ் சும்மா விடுவாரா? 'அப்போ குறி சொல்றவங்கதான் பெரிய வீரங்களா?' என்று கிண்டல் பண்ணினார். நிசியாஸ் நல்லா பதில் சொன்னார். குறி சொல்றவனுக்கு என்ன நடக்கப் போகுதுன்னு அறிகுறிதான் தெரியும், அது நடக்கிறது நமக்கு நல்லதா கெட்டதான்னு அவன் தீர்மானிக்க முடியாது என்று. சாக்ரடீஸும் பேச்சோட பேச்சா ஒண்ணைச் சொல்லி வெச்சார். சட்டப்படி தளபதிதான் குறிசொல்பவனுக்குக் கட்டளை போடணும், குறிசொல்பவன் தளபதிக்கு இல்லை.

கடைசியில நிசியாஸும் மாட்டிக்கிட்டார். பயம் வரப்போற கெடுதலைப் பத்தினது. ஆனா நல்லது கெட்டது பத்தின அறிவுன்னா அது நேத்து, இன்னிக்கு, நாளைக்கு எல்லாத்துக்கும் ஒண்ணுதான். அப்போ நீங்க சொன்னது வீரம்கிற ஒரு குணத்தை இல்லை, மொத்த நல்ல குணத்தையும்! தொடங்கும்போது வீரம் அதுல ஒரு பகுதின்னு ஒத்துக்கிட்டோமே? போச்சு. வீரம்னா என்னன்னு நாம கண்டுபிடிக்கலை என்கிறார் சாக்ரடீஸ்.

இதை பிளேட்டோ எழுதும்போது, அந்தக் குறிகாரன் பேச்சைப் படிக்கிற ஏதென்ஸ்காரன் ஒவ்வொருத்தனுக்கும் வயித்தைப் பிசைஞ்சிருக்கும். ஏன்னா நிசியாஸுக்கு அப்புறம் என்ன ஆச்சுன்னு ஊருக்கே தெரியும்.

கி.மு. 415-ல ஏதென்ஸ் ஒரு பெரிய கப்பல் படையை சிசிலிக்கு அனுப்பிச்சு. தளபதிகள்ல ஒருத்தர் இதே நிசியாஸ். சிரக்கூஸ் நகரத்தை முற்றுகை போட்டாங்க, நடக்கலை. கி.மு. 413-ல, இனிமே தாங்காது, ஊருக்குத் திரும்பிடலாம்னு முடிவாச்சு. மூட்டை கட்டியாச்சு. ஆகஸ்ட் 27 ராத்திரி, முழு நிலா. திடீர்னு கிரகணம் பிடிச்சது. படை முழுக்க பயம். குறிசொல்றவங்க, மூணு ஒன்பது நாள், அதாவது இருபத்தேழு நாள் நகரக்கூடாதுன்னு சொன்னாங்க. அது முடியும் வரைக்கும் கிளம்பறதைப் பத்திப் பேசவே மாட்டேன்னுட்டார் நிசியாஸ். இந்த மாதிரி விஷயங்கள்ல அவருக்கு அளவு மீறின ஈடுபாடுன்னு வரலாற்றாசிரியர் தூசிடிடீஸ் எழுதுறார். சிரக்கூஸ்காரங்களுக்கு அந்த அவகாசம் போதும். துறைமுகத்தை அடைச்சாங்க. கப்பல் போச்சு. நிலவழியா தப்பிக்கப் பார்த்த படை வழியெல்லாம் செத்து விழுந்தது. பிடிபட்டவங்க ஏழாயிரத்துக்குக் குறையாது, அவங்களைக் கல் குவாரிகள்ல அடைச்சாங்க. நிசியாஸைக் கொன்னுட்டாங்க.

நிலாவுக்குச் சொந்த வெளிச்சம் இல்லை, அது சூரியனோட வெளிச்சம், பூமி நடுவுல வந்தா நிலா மறையும் என்று அனாக்சகோரஸ் அதுக்குப் பல வருஷம் முன்னாடியே விளக்கியிருந்தார். வேற எங்கேயும் இல்லை, ஏதென்ஸ்லயே வாழ்ந்தவர். தெய்வ நிந்தனைன்னு குற்றம் சாட்டப்பட்டு அந்த ஊரை விட்டே போக வேண்டி வந்ததுன்னு பழைய நூல்கள் சொல்லுது. எதுக்குப் பயப்படணும், எதுக்குப் பயப்பட வேண்டாம்னு தெரிஞ்சதுதான் வீரம்னு அத்தனை அழகா விளக்கம் சொன்ன மனுஷன், பயப்பட வேண்டாத ஒரு நிழலுக்குப் பயந்து, பயப்பட வேண்டிய எதிரியைத் துறைமுகத்துல விட்டுட்டார். விளக்கம் வாயில இருந்தது, அவ்வளவுதான். மனப்பாடம் பண்ணி எழுதுற டெஃபனிஷனுக்கு மார்க் வரும், தெரியும். எனக்கும் வந்திருக்கு. ஆனா இந்தக் கதையைப் படிச்சதுல இருந்து, எனக்கு ஒரு விஷயம் தெரியும்னு சொல்லிக்கும்போது லேசா கூச்சம் வருது.

லாக்கீஸ் அதுக்கு முன்னாடியே, கி.மு. 418-ல மேன்டினியா போர்க்களத்துல செத்துட்டார். சாக்ரடீஸை ஊரே கி.மு. 399-ல கோர்ட்ல நிறுத்தியது. வயசு எழுபது. ஊர் தெய்வங்களை ஏத்துக்கலை, இளைஞர்களைக் கெடுக்கிறார் என்று குற்றச்சாட்டு. முப்பது ஓட்டு மாறி விழுந்திருந்தா விடுதலையாகியிருப்பார்னு பிளேட்டோ எழுதுறார். தலை எண்ணி முடிவு பண்ணலாமா என்று அன்னிக்குக் கேட்டவரை, தலை எண்ணியே முடிச்சுட்டாங்க.

நீங்களும் ஒரு வார்த்தையைப் பிடிங்க

சாக்ரடீஸ் சொன்னதெல்லாம் வேதவாக்குன்னு எடுத்துக்கிட்டீங்கன்னா மைலீட்டஸ்காரங்க கோவிச்சுப்பாங்க. இந்த முறையில ஓட்டை இருக்கு. 1966-ல பீட்டர் கீச் என்கிற தத்துவப் பேராசிரியர் அதைப் பளிச்சுன்னு காட்டினார். ஒரு வார்த்தைக்கு முழு விளக்கம் சொல்ல முடியலைன்னா அந்த விஷயமே தெரியாதுன்னு ஆயிடுமா? விளையாட்டுன்னா என்னன்னு விளக்கம் சொல்லத் தெரியாத பையனும் தெருவுல கிரிக்கெட் ஆடிட்டுதான் இருக்கான். லாக்கீஸ், 'தெரியும், சொல்ல வரலை' என்றது வெறும் சமாளிப்பு மட்டும் இல்லாமலும் இருக்கலாம். டீலியத்துல வீரத்தைப் பார்த்ததும் அவருக்கு அடையாளம் தெரிஞ்சதே! எனக்கு இதுல கீச் பக்கம் நியாயம் இருக்குன்னு தோணுது. ஆனா எந்த உதாரணம் சரியான உதாரணம்னு சண்டை வந்துட்டா, அப்போ விளக்கம் இல்லாம நகரவும் முடியாது. நீங்க என்ன சொல்றீங்க?

ஆரம்பிக்க புத்தகம் கூட வேண்டாம். கேன்டீன்ல ரெண்டு டீ சொல்லுங்க. தினம் நீங்க கேட்கிற வார்த்தை ஒண்ணை எடுங்க. 'மெரிட்'னு வெச்சுக்குவோம். மெரிட்னா என்ன? அதிக மார்க். காப்பியடிச்ச மார்க்? அது இல்லை, சொந்தமா வாங்கின மார்க். லட்ச ரூபாய் கோச்சிங்ல வந்தது சொந்தமா? சரி, உழைப்பு. மூணு வருஷம் உழைச்சும் அரியர் வெச்சவன்? இப்படியே போங்க. ரெண்டே ரெண்டு கண்டிஷன். எதிர்ல இருக்கிறவர் தான் உண்மையிலேயே நம்புறதைத்தான் சொல்லணும், சும்மா வாதத்துக்குப் பேசக்கூடாது. அப்புறம், கேட்கிற உங்களுக்கும் பதில் தெரியாதுன்னு நீங்க ஒத்துக்கணும். ரெண்டாவதுதான் கஷ்டம். அது இல்லைன்னா நீங்க பண்றது ராகிங்!

வீரம்னா என்னன்னு தெரியாமலே அந்த ஏதென்ஸ் கூட்டம் கலைஞ்சது. நமக்கே வாத்தியார் தேவைப்படுது, பசங்களுக்கு முன்னாடி நாமதான் போய் கிளாஸ்ல உட்காரணும் என்றார் சாக்ரடீஸ். வயசான லைசிமாக்கஸுக்கு அது ரொம்பப் பிடிச்சுப் போச்சு. இருக்கிறதுலயே நான்தான் மூத்தவன், நான்தான் ஆர்வமா கத்துப்பேன், நாளைக்கு விடியற்காலையில தவறாம வீட்டுக்கு வந்துடு சாக்ரடீஸ் என்று கூப்பிட்டார். கடவுள் சித்தமிருந்தா வர்றேன் என்றார் சாக்ரடீஸ்.

ஈட்டி கோர்ஸ்ல பசங்களைச் சேர்த்தாங்களா இல்லையான்னு பிளேட்டோ எழுதலை. லைசிமாக்கஸ் மகனைப் பத்தி மட்டும் 'தியேட்டீட்டஸ்' என்கிற வேறொரு நூல்ல ஒரு வரி வருது. பையனுக்கும் தாத்தா பேர்தான், அரிஸ்டைடிஸ். சாக்ரடீஸ்கிட்ட கொஞ்ச நாள் படிச்சானாம். ரொம்ப சீக்கிரமே டிஸ்கன்டினியூ பண்ணிட்டுப் போயிட்டானாம்.